சத்தம் என்றவர்களுக்கும் சுத்தம் என்றவர்களுக்கும்

பதிவு நீளம். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கிவிட்டு வந்து உட்காருங்கள்.

போன வாரம் ஜான் ஜோர்னின் ‘மசாடா’ குழு வாசித்த ஒரு துண்டை இங்கே பகிர்ந்திருந்தேன். நிறையப் பேர் விருப்பம் போட்டீர்கள். அதில் எத்தனை பேர் கேட்டுவிட்டுப் போட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வீட்டுப்பாட நோட்டு திருத்தியவள் நான். படித்து எழுதினதும் பார்த்து எழுதினதும் கையெழுத்திலேயே தெரிந்துவிடும். விருப்பம் போட்டவர்களை விட்டுவிடுகிறேன். எழுதினவர்களுக்குத்தான் இந்தப் பதில். குழுவில் இரண்டு வரி, தனிச் செய்தியில் நாலு வரி, போனில் அரைமணி நேரம் என்று ஆளாளுக்குச் சொன்னீர்கள். தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

முதலில் “இது பாட்டா டீச்சர், வெறும் சத்தம்” என்றவர்கள். உங்களுக்கு அதிகம் சொல்லப் போவதில்லை. ஆனால் உங்களில் ஒருவர் (பெயர் சொல்லமாட்டேன், படிக்கும்போது உங்களுக்கே தெரியும்) பிளஸ் டூ படிக்கிற மகன் இந்த மாதிரி இசையைக் கேட்கிறான் என்பதற்காக அவன் கிதாரை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். அவன் கேட்டது ‘நேக்கட் சிட்டி’ குழுவின் முதல் இசைத்தட்டு. “பைத்தியம் பிடித்தவன் கத்துகிற மாதிரி இருக்கிறது, இதைக் கேட்டால் இவனுக்கும் பிடிக்கும்” என்று போனில் சொன்னீர்கள். கத்துகிறவர் யமாட்சுகா ஐ என்ற ஜப்பானியர். கத்துவதுதான் அந்தக் குழுவில் அவருடைய வேலை. கிதார் பில் ஃப்ரிசெல். இங்கிலாந்தில் ‘ஹென்றி கவ்’ என்ற பரிசோதனை ராக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபிரெட் ஃப்ரித் இதில் பேஸ் வாசிக்கிறார். விசைப்பலகை வேன் ஹார்விட்ஸ், டிரம்ஸ் ஜோயி பேரன், ஆல்டோ சாக்ஸபோன் ஜோர்ன். அந்தத் தட்டில் 26 துண்டுகள். சில துண்டுகள் ஒரு நிமிடம்கூட இல்லை. ஜேம்ஸ் பாண்ட் பட இசையும் அதில் இருக்கிறது. ஒரு துண்டுக்குள்ளேயே பத்து விநாடிக்கு ஒருமுறை ஜாஸ், ராக், சினிமா இசை, அலறல் என்று தாவுவார்கள். ஐந்து பேரும் ஒரே கணத்தில் தாவுவார்கள், ஒரே கணத்தில் நிற்பார்கள். ஒத்திகை பார்க்காமல் இது நடக்குமா? பள்ளி ஆண்டு விழாவில் பதினைந்து பிள்ளைகளை ஒரே அடியில் கும்மி தட்ட வைக்க நான் என்ன பாடுபட்டேன் என்று உங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

அதே மாதிரிதான் 1969இல் கேப்டன் பீஃப்ஹார்ட் வெளியிட்ட ‘டிரௌட் மாஸ்க் ரெப்ளிகா’. முதலில் கேட்கிறவருக்கு ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற மாதிரித்தான் இருக்கும். அந்தக் குழு ஒரே வீட்டில் அடைந்து கிடந்து மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தது. அதன் பிறகு பெரும்பாலான துண்டுகளின் வாத்தியப் பகுதியை ஒரே அமர்வில் பதிவு செய்து முடித்தார்கள். தலைவர் அந்தப் பையன்களை நடத்தின விதம் கொடுமை, அதை நான் மெச்சவில்லை. ஆனால் அது தற்செயலாக விழுந்த சத்தம் இல்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. எனக்கும் அதில் பாதி பிடிக்காது. பூட்டுப் போடுவது வேறு விஷயம். கிதாரை எடுத்துக் கொடுங்கள். மார்க் குறைந்தால் என்னிடம் அனுப்புங்கள், கணக்கு சொல்லித் தருகிறேன்.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து, இப்போது வெளிநாட்டில் இருக்கும் ஒரு தம்பி எழுதியதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவனுக்கு இந்த இசையெல்லாம் நன்றாகத் தெரியும். எனக்கே முதலில் அனுப்பி வைத்தவன் அவன்தான். அவன் வாதம் இது. உண்மையான கிளெஸ்மர் 1920களின் 78 சுழற்சி இசைத்தட்டுகளோடு முடிந்துவிட்டது. அந்தச் சமூகத்தைக் கொன்று தீர்த்த பிறகு அதை ஜாஸோடும் ராக்கோடும் கலந்து வாசிப்பது, செத்தவர்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுவதற்குச் சமம். அப்படியே வைத்துக் காப்பாற்றுவதுதான் மரியாதை.

கூர்மையாகச் சொல்லியிருக்கிறாய் தம்பி. ஆனால் தப்பு.

மற்றவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கிளெஸ்மர் என்ற சொல் எபிரேய மொழியில் இசைக்கருவியைக் குறிக்கும் சொற்களிலிருந்து வந்தது. பிறகு வாசிக்கிற ஆளைக் குறித்தது. இசை வகைக்கே அது பெயராக நிலைத்தது அண்மையில்தான். கிழக்கு ஐரோப்பாவில் யித்திஷ் பேசிய யூதர்களின் கல்யாணங்களில் வாசித்தவர்கள் இவர்கள். வயலின், சிம்பல் என்கிற தந்திகளைச் சிறு கோலால் தட்டும் கருவி, பிறகு கிளாரினெட். மணப்பெண்ணை உட்காரவைத்து அழவைக்க ஒரு இசை, ஆடவைக்க ஒரு இசை, விருந்தினரை வழியனுப்ப ஒரு இசை. கல்யாணம் என்றால் கூப்பிடுவார்கள், மற்ற நாளில் மதிக்கமாட்டார்கள். நம் ஊரில் மேளக்காரர்களை நாம் எப்படி நடத்தினோம் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த இசை எப்போது தம்பி சுத்தமாக இருந்தது? தோய்னா என்ற நீண்ட ஆலாபனை வடிவம் ருமேனியாவிலிருந்து வந்தது. அமெரிக்காவில் கிளெஸ்மர் என்றாலே நினைவுக்கு வரும் புல்கர் என்ற ஆட்டம் பெஸராபியா பக்கத்திலிருந்து வந்தது. ரோமா நாடோடிக் கலைஞர்களும் யூதக் கலைஞர்களும் ஒன்றாக வாசித்தார்கள், மெட்டுகளை மாற்றிக்கொண்டார்கள். உக்ரைன்காரன் கல்யாணத்துக்குப் போனால் உக்ரைன் மெட்டு, போலந்துக்காரன் வீட்டில் போலந்து மெட்டு. கூலி கொடுப்பவன் கேட்பதை வாசிக்கத் தெரியாத கிளெஸ்மர் பட்டினி கிடந்திருப்பான்.

நீ கோயில் மாதிரிக் கும்பிடும் அந்த 78 தட்டுகளையே எடுத்துக்கொள். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். மணிக்கணக்கில் ஓடிய கல்யாண இசையை மூன்று நிமிடத்துக்கு வெட்டினது மரபா, கம்பெனியா? ஆரம்பக் காலத்தில் மைக் கிடையாது, புனல் வழியாகத்தான் பதிவு. உரக்கக் கேட்கிற கிளாரினெட்டும் பித்தளைக் கருவிகளும் புனலில் நன்றாக விழுந்தன. வயலினும் சிம்பலும் அமுங்கின. அமெரிக்காவில் கிளாரினெட் முன்னால் வந்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். நீ மரபு என்று நினைத்துக் கேட்பதில் பாதி புனலின் வேலை.

அந்தத் தட்டுகளின் நாயகன் நஃப்தூலே பிராண்ட்வைன். 1884இல் கலீசியாவில் பிறந்து, நியூயார்க் வந்து சேர்ந்தவர். மற்ற கிளாரினெட்காரர்கள் விரல் வைப்பதைப் பார்த்துத் திருடிவிடுவார்கள் என்று சபைக்கு முதுகு காட்டி வாசிப்பார் என்பார்கள். உடம்பில் மின்விளக்குச் சரம் சுற்றிக்கொண்டு மேடையேறி, வியர்வை பட்டு ஷாக் அடித்தது என்றும் ஒரு கதை உண்டு. இவரையா கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறாய்? இன்னொரு பெரியவர் டேவ் டாரஸ். ஒழுங்கானவர், கறாரானவர். அவரே 1950களின் நடுவில் தம் மருமகன் சாம் மியூசிக்கரோடு ‘டான்ஸ்!’ என்ற தட்டில் வாசித்தார். மியூசிக்கர் ஜீன் குரூபாவின் ஜாஸ் குழுவில் இருந்தவர். அந்தத் தட்டில் ஸ்விங் வாசனை தூக்கலாக இருக்கும். அதற்கும் முன்னால், 1939இல், பென்னி குட்மன் குழுவில் டிரம்பெட் வாசித்த ஸிக்கி எல்மன் ஒரு பழைய புல்கர் மெட்டை எடுத்துத்தான் அமெரிக்கா முழுக்க ஆடிய ஒரு ஜாஸ் பாட்டை உண்டாக்கினார். ஜோர்ன் பிறந்தது 1953இல். கலப்படத்தை அவர் தலையில் கட்டாதே.

“காப்பாற்றுவது” என்றாயே, அதைப் பற்றியும் சொல்கிறேன். உண்மையிலேயே காப்பாற்றியவர் ஒருவர் இருந்தார். மோய்ஷே பெரெகோவ்ஸ்கி. கீவ் நகரில் இருந்த சோவியத் ஆய்வாளர். ஊர் ஊராகப் போய் யூதக் கலைஞர்கள் வாசித்ததை மெழுகு உருளைகளில் பதிவு செய்து, சுரப்படுத்தி வைத்தார். அவர் போய்ப் பதிவு செய்த ஊர்களில் பலவற்றில் சில வருஷங்களில் யூதர்களே இல்லாமல் போனார்கள். போர் முடிந்த பிறகு அவருக்கு என்ன கிடைத்தது? 1950இல் ஸ்டாலின் அரசு கைது செய்து சைபீரிய முகாமுக்கு அனுப்பியது. 1955இல் வெளியே வந்தார், 1961இல் இறந்தார். உருளைகள் தொலைந்துவிட்டன என்றே உலகம் நினைத்தது. 1990களில் கீவ் வெர்னாட்ஸ்கி நூலகத்தில் கிடைத்தன. எனக்கு இந்தக் கதையில் நெஞ்சை அடைக்கிற இடம் ஒன்று உண்டு. கிடைத்தபோது அவற்றை வாங்கிக்கொள்ள வாசிப்பவர்கள் இருந்தார்கள். ஏன் இருந்தார்கள்? 1970களிலேயே கலிபோர்னியாவின் பெர்க்லியிலும் நியூயார்க்கிலும் கொஞ்சம் இளைஞர்கள் தாத்தா பாட்டியின் தட்டுகளைத் தோண்டி எடுத்து, தங்களுக்குத் தெரிந்த அமெரிக்க இசையோடு சேர்த்து வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஆண்டி ஸ்டாட்மன் புளூகிராஸ் மாண்டலின் வாசித்தவர். டேவ் டாரஸ் வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொண்டார். டாரஸ் தம் கிளாரினெட்டுகளை அவருக்குக் கொடுத்துச் சென்றார். அந்த ஸ்டாட்மன் பிற்பாடு கோல்ட்ரேன் போல ஜாஸ் பக்கமும் போனார். குருவுக்குத் துரோகமா அது? கிளாரினெட்டைக் கொடுத்த டாரஸுக்கு, தான் எப்படிப்பட்டவனிடம் கொடுக்கிறோம் என்று தெரியாதா?

கலக்காமல் காப்பாற்ற வேண்டும் என்று எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால், அந்த உருளைகள் நூலகத்தில் ஒரு எண்ணாக மட்டும் இருந்திருக்கும்.

டான் பைரனை நினைத்துப் பார். நியூயார்க்கின் பிராங்ஸில் வளர்ந்த கறுப்பர். பாஸ்டன் கிளெஸ்மர் குழுவில் கிளாரினெட் வாசித்தவர். 1993இல் மிக்கி காட்ஸின் பாட்டுகளை எடுத்துத் தனித் தட்டு போட்டார். மிக்கி காட்ஸ் யார்? 1950களில் அமெரிக்கப் பாட்டுகளை யித்திஷ் கலந்த நையாண்டியாக மாற்றிப் பாடியவர். நாகரிகமான யூதர்கள் பலர் அவரை நினைத்து வெட்கப்பட்டார்கள். ஆனால் நையாண்டிக்கு நடுவே வருகிற வாத்திய இசை அசல் கிளெஸ்மர், அசாத்திய வேகம். சொந்த வீட்டார் ஒளித்து வைத்த நகையை எதிர் வீட்டுக்காரர் எடுத்துத் துடைத்து வைத்த மாதிரி. உன் கணக்குப்படி பைரனுக்கு அந்த இசையில் உரிமையே இல்லை. கேட்டுவிட்டு அதைச் சொல், பார்க்கலாம்.

இப்போது ஜோர்னுக்கு வருகிறேன். 1992இல் ஜெர்மனியின் மியூனிக்கில் ஒரு விழாவில் புதிய யூத இசை என்ற பெயரில் நிகழ்ச்சிகளைத் தொகுத்தார். நகரத்தைக் கவனியுங்கள், மியூனிக். அங்கே அரங்கேறிய படைப்பு ‘கிறிஸ்டால்நாக்ட்’. 1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனியில் யூதர் கடைகளையும் தொழுகைக் கூடங்களையும் உடைத்த இரவின் பெயர் அது. அதன் இசைத்தட்டில் ஒரு பகுதி முழுக்கக் கண்ணாடி உடைகிற ஓசை, காது தாங்காத உச்ச ஸ்தாயியில் நிமிடக்கணக்கில் போகும். குமட்டலும் தலைவலியும் வரலாம், திரும்பத் திரும்பக் கேட்டால் காது கெடலாம் என்று இயற்றியவரே தட்டில் எச்சரிக்கை போட்டிருக்கிறார். தம்பி, இது செத்தவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுகிற ஆட்டமா? அழகான வயலின் சோகத்தைக் கேட்டுக் கண் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போகிற சௌகரியத்தை அவர் நமக்குத் தரவில்லை. அதுதான் உனக்கு உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

அதற்கு அடுத்து வந்ததுதான் மசாடா. ஜோர்ன் சாக்ஸபோன், டேவ் டக்ளஸ் டிரம்பெட், கிரெக் கோஹன் பேஸ், ஜோயி பேரன் டிரம்ஸ். பியானோ கிடையாது. 1959இல் ஓர்னெட் கோல்மன் ஜாஸைத் தலைகீழாகத் திருப்பிய அதே நால்வர் அமைப்பு. அதில் யூத இசையின் சுர வரிசைகளை வைத்து எழுதிய சின்னச் சின்ன மெட்டுகள். 1994இலிருந்து எபிரேய எழுத்துகளின் பெயரில் பத்துத் தட்டுகள். கர்நாடக இசை தெரிந்த என் தோழிகளுக்கு ஒரு குறிப்பு. கிளெஸ்மரில் ஃப்ரைகிஷ் என்று ஒன்று இருக்கிறது. அதன் சுரங்களை மட்டும் எடுத்தால் நம் 14ஆவது மேளம் வகுளாபரணம். இன்னொன்று ஏறக்குறைய ஹேமவதி. ராகம் என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். கமகமும் பிடியும் வேறு. சுர வரிசை ஒன்று என்பதால், மசாடாவின் முதல் தட்டு உங்களுக்கு அவ்வளவு அந்நியமாகக் கேட்காது.

கோல்மனையும் யூத இசையையும் ஜோர்ன் வலுக்கட்டாயமாகச் சேர்த்துக் கட்டிவைத்தார் என்று எழுதியிருந்தாய். கோல்மன் ஒரு பேட்டியில் என்ன சொன்னார் தெரியுமா? சிகாகோவில் ஜோசப் ரோசன்பிளாட் என்ற யூத ஆலயப் பாடகரின் பழைய இசைத்தட்டைக் கேட்டுக் குழந்தை மாதிரி அழுததைச் சொல்லியிருக்கிறார். டெக்சாஸில் வறுமையில் பிறந்த கறுப்பர் அவர். யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பதை நாம் நாற்காலியில் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியதில்லை.

இன்னொரு எதிர்ப்பு, உறவினர் ஒருவரிடமிருந்து. “காஸாவில் குழந்தைகள் சாகிறபோது யூதர் பாட்டு உனக்கு எதற்கு அக்கா?” கேள்வி நியாயமான வலியிலிருந்து வருகிறது, அதனால் கோபிக்காமல் சொல்கிறேன். அந்தக் குழந்தைகளுக்காக உங்களைவிட நான் குறைவாக அழவில்லை. ஆனால் கிளெஸ்மர் இஸ்ரேல் அரசின் இசை இல்லை. அது யித்திஷ் பேசியவர்களின் இசை. நாஜிகள் கொன்ற அறுபது லட்சம் பேரில் பெரும்பாலோர் அந்த மொழிக்காரர்கள். இஸ்ரேல் உருவான தொடக்க வருஷங்களில் எபிரேயத்தை நிலைநிறுத்துவதற்காக யித்திஷ் நாடகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் அந்த அரசே தடைகள் போட்டது. ஒரு மொழியை அமுக்கினால் என்ன ஆகும் என்று நமக்குப் பாடம் எடுக்க வேண்டுமா? மசாடா என்ற பெயர் எனக்கும் நெருடுகிறதுதான். ரோமானியப் படையிடம் சரணடையாமல் மாண்டவர்களின் மலைக்கோட்டை அது. இன்று அரசியல் சின்னமாகப் பயன்படுகிறது. பெயரை விமர்சியுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஒரு அரசு செய்கிற கொலைக்காக, பிராண்ட்வைனின் கிளாரினெட்டிடம் கணக்குக் கேட்காதீர்கள்.

கடைசியாக, என் பக்கத்தில் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டு குழுவில் துள்ளிய ரசிகத் தம்பிகளுக்கு. உங்களோடுதான் எனக்கு அதிகச் சண்டை. “ஜப்பான் பதிப்பா, அமெரிக்கப் பதிப்பா”, “எந்த டிரம்மர் காலத்தது”, “613 மெட்டுகளும் வைத்திருக்கிறேன்” என்று ஒரே அளப்பு. மசாடா மெட்டுகள் மொத்தம் 613 என்பதும், அது யூத வேதக் கட்டளைகளின் எண்ணிக்கை என்பதும் எனக்கும் தெரியும். அதில் எத்தனை மெட்டை வாயால் முணுமுணுப்பீர்கள்? பத்து? ஒரு பெரியப்பா “புரியவில்லையே தம்பி” என்று மெய்யாகவே கேட்டார். அவருக்கு நீங்கள் கொடுத்த பதில் “உங்க காதுக்கு எட்டாது அங்கிள்”. வகுப்பில் இப்படி ஒருவன் சொல்லியிருந்தால் வெளியே நிற்க வைத்திருப்பேன்.

அதோடு, உங்கள் நாயகர் செய்வதெல்லாம் சரி என்று ஆமாம் போடாதீர்கள். நேக்கட் சிட்டியின் சில தட்டுகளின் அட்டையில் சித்திரவதைப் படங்களும், ஆசியப் பெண்களை இழிவுபடுத்தும் படங்களும் இருந்தன. அமெரிக்காவில் வாழும் ஆசியர்கள் எதிர்த்தார்கள், எதிர்த்தது நூற்றுக்கு நூறு சரி. பிறகு அந்த இரண்டு தட்டுகளையும் சேர்த்து வெறும் கறுப்பு அட்டையில் வெளியிட்டார்கள். “கலைச் சுதந்திரம் டீச்சர்” என்று ஒருவன் எழுதினான். அந்தப் படத்தில் இருப்பது உன் அக்காவாக இருந்தால் அந்தச் சொல் உன் வாயில் வருமா? ஜோர்னிடம் பாராட்ட வேண்டியது வேறு இருக்கிறது. 1995இல் ட்ஸாதிக் என்ற பதிப்பகத்தை லாப நோக்கமில்லாமல் தொடங்கி, விலைபோகாத நூற்றுக்கணக்கான கலைஞர்களின் தட்டுகளை வெளியிட்டார். 2005இல் நியூயார்க்கில் ‘தி ஸ்டோன்’ என்ற சின்ன அரங்கைத் திறந்தார். வாசலில் வசூலாகும் பணம் முழுவதும் வாசிப்பவர்களுக்கே. அதைப் பற்றி உங்களில் ஒருவராவது எழுதினீர்களா?

சரி, வேலை தருகிறேன். முதலில் பிராண்ட்வைனின் 1920களின் தட்டு ஏதாவது ஒன்று, மூன்று நிமிடம்தான். அடுத்து கிளெஸ்மாட்டிக்ஸ் குழு, 1986இல் நியூயார்க்கில் தொடங்கியவர்கள், ஆட்டம் போட வைப்பார்கள், சமையல் செய்துகொண்டே கேட்கலாம். பிறகு பைரனின் மிக்கி காட்ஸ். அதற்குப் பிறகு மசாடாவின் முதல் தட்டு ‘அலெஃப்’, இரவில், வேறு வேலை இல்லாமல். ‘கிறிஸ்டால்நாக்ட்’ கடைசியில். காதில் மாட்டுகிற கருவி வேண்டாம், ஒலியைக் குறைத்து வைத்து, ஒரே ஒரு முறை. வயதானவர்களும் காது மருத்துவரிடம் போய்க்கொண்டிருப்பவர்களும் அதை விட்டுவிடுங்கள். வெளிநாட்டுத் தம்பி, நீ மட்டும் டாரஸின் ‘டான்ஸ்!’ தட்டை முதலில் கேட்டுவிட்டு எனக்கு எழுது.

கேட்டவர்கள் கீழே எழுதுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. கேட்காதவர்கள் கைகூப்பும் பொம்மைகூடப் போட வேண்டாம்.